எத்தனை அடுக்கு வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எங்கள் குடோன் பொறுப்பாளர் நெட்டை மூன்று மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, லாரியில் பாதிச் சரக்கு ஏறியிருந்தபோது, ஒரு அட்டைப்பெட்டிக் கட்டின் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. மனசில்தான். அதன் பிறகு சில வாரங்கள் நான் உதவி என்று நினைத்துச் செய்தவை எல்லாம் அவரை இன்னும் கீழே தள்ளின. இப்போது தேறி வருகிறார். உனக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்கும், இது எதற்கு என்று இதுவரை சொல்லாமல் இருந்தேன்.

போன வாரம் நீ நாலு வரி அனுப்பியிருந்தாய். உங்கள் ஆபீஸில் மனசு சரியில்லாதவர்களுக்கு என்று பல விதமாக உதவி வைத்திருக்கிறார்கள், எதில் போய் நிற்பது என்று புரியவில்லை, பேர் கொடுத்தால் வேலைக்கு வேட்டு வைப்பார்களா, நீ ஒரு முதலாளி, முதலாளிகள் உள்ளுக்குள் என்ன நினைப்பார்கள் என்று உண்மையைச் சொல், என்று. கூடவே, ஒரு நண்பனுக்காகக் கேட்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த நண்பனை அவன் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் அவனுக்குத்தான்.

போனில் சொன்னால் 'சரிக்கா, சரிக்கா' என்று வழுக்கிக்கொண்டு போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, இதென்ன வக்கீல் நோட்டீஸா என்று கேட்டுவிட்டுப் போகிறார். எழுத எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. இந்த மூன்று மாதத்தில் பேசியதற்கே வாய் வலிக்கிறது.

நெட்டையை உனக்குத் தெரியும். போன தடவை நீ வந்திருந்தபோது, தலை குனியாமல் குடோன் கதவுக்குள் நுழைய முடியாது என்று சிரித்தாயே, அவர்தான். பதினாலு வருஷமாக என்னிடம் இருக்கிறார். விளக்குப் போடாமலே உள்ளே போய், பதினெட்டு அங்குலப் பெட்டியா இருபது அங்குலமா என்று கையால் தடவி எடுத்து வருவார். ஏணி வாங்குகிற செலவு மிச்சம் என்று லோடுமேன்கள் கேலி செய்தால், "மேல நல்லா காத்து வருதுடா" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

போன வருஷம் மருந்துக் கம்பெனி ஆர்டர் கிடைத்தது என்று உனக்குப் பெருமையாகச் சொன்னேன் அல்லவா? லாரி இரண்டு மடங்கு ஆயிற்று. ஆள் மட்டும் அதே ஆள்தான். நெட்டை இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிடும்போது போன் செய்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறேன். பதினோரு தடவையும் எடுத்தார். எடுக்கிறவரைத்தானே கூப்பிடுவோம்.

அந்தப் புதன்கிழமை நானூறு கட்டு போக வேண்டும். பாதிக்கு மேல் ஏறிவிட்டது, லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தால், இவர் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்கிப் போய், என்னப்பா, தலையணை கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். லோடுமேன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கை வரலக்கா."

தூக்க முடியவில்லையா என்று கேட்டேன்.

"தூக்க முடியுது. எதுக்குத் தூக்கணும்னுதான் தெரியல."

நீ உண்மை கேட்டாய், சொல்கிறேன். அந்த நிமிஷம் நான் நினைத்தது அவரை அல்ல, மிச்சமிருந்த கட்டுகளை. இரண்டாவதாக நினைத்தது, இவருக்குப் பதில் யார் என்று. அன்று சாயங்காலமே பக்கத்துத் தெரு குடோனில் வேலை செய்யும் ஒரு ஆளிடம், சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி, அங்கே வசதி எப்படி என்று விசாரித்தேன். உன் அத்தானுக்குக்கூட இது தெரியாது. முதலாளி என்கிற பிராணி முதலில் இப்படித்தான் நினைக்கும். உன் கேள்வியில் பாதிக்கு இது பதில். மறு பாதிக்கு இன்னும் கொஞ்சம் பொறு.

மறுநாள் அவரைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், எல்லாம் நன்றாக இருந்தது. எனக்கு நிம்மதி. சரக்கில் சேதம் இல்லை, இனி ஓட வேண்டியதுதானே என்று நினைத்தேன். மூன்று நாள் லீவு கொடுத்தேன். இரண்டாம் நாளே வந்துவிட்டார். வீட்டில் இருந்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். பார், எவ்வளவு வேலைப் பற்று என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு வேன் டிரைவர் கொசுவைக் கூப்பிட்டு, நெட்டையைக் கொஞ்சம் சிரிக்க வைடா என்றேன். கொசுவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? காலையிலிருந்து சாயங்காலம் வரை காதோரம் ரீங்காரம். நாலாம் நாள் நெட்டை அவனிடம், "தம்பி, சிரிச்சா விட்டுடுவியா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுச் சிரித்தும் காட்டினாராம். அதைப் பார்த்துக் கொசுவே பயந்துபோய் என்னிடம் வந்து, இந்த வேலை எனக்கு வேணாங்க்கா என்றான்.

அதோடு விட்டேனா? நம்மிடம் டேப் விற்கும் கம்பெனி இலவசமாக ஒரு பேச்சாளரை அனுப்புவதாகச் சொன்னது. மைக்கோடு வந்தார். பதினோரு பேரையும் குடோன் நடுவில் நிற்க வைத்து, 'என்னால் முடியும்' என்று சொல்லிக் கை தட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். நெட்டையும் தட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் தட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொன்னது அவர் காதில் விழவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதுவரை செய்தது அசட்டுத்தனம். அடுத்தது அப்படி இல்லை.

ஒரு சனிக்கிழமை, கடை அடைக்கும் நேரம். லோடுமேன்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். குடோன் சாவிக்கொத்து பதினாலு வருஷமாக நெட்டையின் இடுப்பில்தான் தொங்கும். முதல் ஆளாக வந்து திறப்பதும் கடைசி ஆளாகப் பூட்டுவதும் அவர்தான். ஒரு மணி நேரம் கூடத் தூங்கட்டுமே என்று எனக்கு ஒரு யோசனை. எல்லோர் முன்னாலும் கையை நீட்டினேன்.

"சாவியக் குடுப்பா. இனிமே இந்தப் பாரம் உனக்கு வேணாம்."

கழற்றிக் கொடுத்தார். நான் அதைப் பில் போடுகிற பெண்ணிடம் கொடுத்தேன். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

எங்கள் தெருவில் குடோன் ஆளிடம் சனிக்கிழமை சாயங்காலம் சாவி வாங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சரக்கு குறைகிறது, ஆள் கை வைத்துவிட்டான், திங்கட்கிழமை வர வேண்டாம். வாயைத் திறந்து யாரையும் திருடன் என்று சொல்ல மாட்டோம், சாவியை வாங்கிக்கொள்வோம். நானே இரண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். இருபத்தாறு வருஷம் இந்தத் தெருவில் கடை வைத்திருப்பவளுக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருந்தேன், கண் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. டீக்கடைக்காரர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "எவ்வளவுக்கா போச்சு?" என்று கேட்டார். எது போச்சு என்றேன். "நெட்டை அடிச்சது." கையில் டீயோடு அப்படியே நின்றேன்.

அவர் வீட்டுக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அன்றைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் மனைவியே வந்துவிட்டார். தையல் வேலை செய்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சரக்கை எல்லாம் எண்ணிப் பாருங்கள், ஒரு பெட்டி குறைந்தாலும் என் மெஷினை விற்றுக் கொடுக்கிறேன் என்றார். நான் பதறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம், சோறு தண்ணீர் இல்லையாம். அதோடு நெட்டை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்.

"நான் இல்லேன்னா நீயும் பிள்ளைங்களும் சமாளிச்சுக்குவீங்கல்ல?"

நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மூன்று மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். பதினோரு மணிக்கே ஷட்டரை இறக்கினேன். உன் அத்தான் வேனை எடுத்தார், நேரே நெட்டை வீட்டுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டோம். முன் சீட்டில் முழங்கால் மடங்காமல் நெட்டை உட்கார, பின்னால் காலி அட்டைகளுக்கு நடுவே நானும் அவர் மனைவியும். பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். உன் வயதுகூட இருக்காது. கொஞ்ச நேரம் எதை எதையோ கேட்டுவிட்டு, நேராகவே கேட்டார்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?" நான் எழுந்து போய் அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தியிருப்பேன். இல்லாத நினைப்பை இவளே எடுத்துக் கொடுக்கிறாளே என்று எனக்குக் கோபம். நெட்டை தலையைத் தூக்கி, "தோணுது" என்றார். பதினாலு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த ஆள் அழுதபோது அந்த அறையே சின்னதாகிவிட்டது. ஆனால் அழுது முடித்த பிறகு, இரண்டு நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகத் தண்ணீர் கேட்டார்.

கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேட்காமல் விட்டால்தான் தனியாக வளர்கிறது என்று டாக்டர் பிறகு எனக்குச் சொன்னார். நான் செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, விளக்கிச் சொன்னார். வேலையில் அலுத்துப் போனவருக்கு ஓய்வும், காது கொடுத்துக் கேட்க ஒரு ஆளும் போதும், அதைக் கூட வேலை செய்கிறவரே செய்யலாம். வாரக்கணக்காகத் தூக்கமும் பசியும் வேலையில் பிடிப்பும் போய்விட்டால் அதற்கென்று படித்த ஆலோசகர் வேண்டும். இவரைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டால் டாக்டர் வேண்டும், அன்றைக்கே வேண்டும். நீங்கள் கொடுத்த எதுவும் கெட்டதில்லை, ஆனால் இவர் இருந்த நிலைக்கு அது பற்றாது, அந்தச் சாவி விஷயம் மட்டும் எந்த நிலைக்கும் ஆகாது என்றார்.

அப்போதுதான் தம்பி எனக்கு உறைத்தது. கடைக்கு யார் வந்தாலும் நான் விலை சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். உள்ளே என்ன வைப்பீங்க? ஒண்ணு மேல ஒண்ணு எத்தனை அடுக்குவீங்க? துணி என்றால் மூன்று தாள் சேர்த்து ஒட்டிய மூன்று அடுக்கு அட்டை போதும். கண்ணாடி பாட்டில் என்றால் ஐந்து அடுக்கு. இரும்புச் சாமான் என்றால் ஏழு அடுக்குக்குக் கீழே நான் விற்கவே மாட்டேன், வாடிக்கையாளர் சண்டை போட்டாலும் சரி. மூன்று அடுக்குப் பெட்டியில் இரும்பைப் போட்டுவிட்டு அடி பிய்ந்ததும் பெட்டியைத் திட்டுகிறவர்களை எத்தனை பேரை நான் கேலி செய்திருக்கிறேன்! அதே நான், அந்த ஆளிடம் ஒரு தடவைகூட, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. மேலே மேலே அடுக்கினேன்.

அவர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொன்றும் செய்தேன். எதிர்க்கடைக்காரரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு குடோன் முழுவதையும் எண்ணினேன். ஒரு கட்டுகூடக் குறையவில்லை. தெருவெல்லாம் சொன்னேன். டீக்கடைக்காரர் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். வெற்றியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டையிடம் சொன்னேன். அவர், "எண்ணிப் பாத்தீங்களாக்கா?" என்றார். எண்ணிக்கை எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இப்போது காலை பத்திலிருந்து இரண்டு வரை வருகிறார். மாத்திரை சாப்பிடுகிறார். வாரம் ஒரு தடவை ஆலோசகரிடம் போகிறார். கொசு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடப் பழகிவிட்டான். அதுவும் மருந்துதான் என்கிறார் டாக்டர். மேல் நிலை உதவி வந்துவிட்டதால் கீழ் நிலை வேண்டாம் என்று இல்லையாம், எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆளைத் தாங்க வேண்டுமாம். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "நானாக் கேக்கறப்ப குடுங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

மற்றவர்களுக்கும் ஏதாவது வேண்டும் என்று, எங்கள் தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து, பதினைந்து நாளைக்கு ஒரு மத்தியானம் ஒரு ஆலோசகர் ஒரு காலி அறையில் வந்து உட்கார ஏற்பாடு செய்தோம். முதல் இரண்டு தடவை ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. ஏன் என்று பார்த்தால், அந்த அறைக் கதவு டீக்கடைக்கு நேர் எதிரே. யார் நுழைந்தாலும் ஊர் அறியும். இப்போது பல் டாக்டர் மாடிக்கு மாற்றிவிட்டோம். அதிலிருந்து தெரு முழுக்கப் பல்வலி. கொசுவுக்கே இரண்டு தடவை வந்துவிட்டது. எந்தப் பல் என்று நான் கேட்கவில்லை.

இனி உன் விஷயம்.

உன் மனைவி ஞாயிற்றுக்கிழமை பேசினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகு கீழே வண்டி நிறுத்துமிடத்தில் முக்கால் மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாயாம். நாலு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லையாம். சின்னவள் உன்னிடம் ஏதாவது கேட்டால், "அப்பா லோடாகிட்டிருக்காரு, வெயிட் பண்ணு" என்று பெரியவன் சொல்கிறானாம். அவள் சிரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். பிறகு ஒரு தடவை சிரிக்காமலும் சொன்னாள்.

உங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். நாலு தடவை படித்தேன். சட்டையில் பச்சைப் பட்டி குத்திக்கொண்டிருக்கும் சக ஊழியர், அவரிடம் போய்ப் பேசலாம். நல்ல மனுஷராக இருப்பார், காது கொடுப்பார், அவ்வளவுதான் அவர் சரக்கு. நம் கொசு மாதிரி. அவரிடம் உன் முழுப் பாரத்தையும் இறக்கினால் அவரும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார். எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு நம்பர் போட்டிருக்கிறது. பேர் சொல்லாமலே பேசலாம், ரொம்ப மோசமான நேரத்துக்கு அது பக்கத்தில் இருக்கட்டும், போனில் பதிந்து வைத்துக்கொள். வியாழக்கிழமைதோறும் ஆலோசகர். அதற்கும் மேலே, கம்பெனி அனுப்பும் டாக்டர், தேவையானால் சம்பளத்தோடு லீவு. நாலு மாதத் தூக்கத்தைத் தொலைத்தவனுக்குப் பச்சைப் பட்டிக்காரர் பற்றாது. இதை நான் ஒரு டாக்டராகச் சொல்லவில்லை, தப்பான பெட்டி விற்று அடி வாங்கியவளாகச் சொல்கிறேன்.

முதலாளி என்ன நினைப்பான் என்று கேட்டாயே, மறு பாதி இதுதான். நெட்டை இல்லாத அந்த நாட்களில் மருந்துக் கம்பெனி இரண்டு லாரியைத் திருப்பி அனுப்பியது, எல்லாம் அளவு மாறிப் போயிருந்தது. வேலை தெரிந்த ஆள் தேறி வரக் காத்திருப்பதைவிட, புது ஆள் வேலை கற்கக் காத்திருப்பது எனக்கு நஷ்டம். இது கருணை இல்லை, வியாபாரம். உங்கள் கம்பெனிக்கும் இது தெரியும், தெரியாமல் சுவரில் காகிதம் ஒட்ட மாட்டார்கள். ஆனாலும் எல்லா மேனேஜரும் நல்லவன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் முதலில் நீ கேள்: நான் இங்கே சொல்வது யார் கைக்குப் போகும்? அதை அவர்கள் எழுத்தில் காட்ட வேண்டும். காட்டினால் பேசு. இல்லையென்றால் வெளியே ஒரு டாக்டரைப் பார். இதற்கு மேல் இதில் மர்மம் இல்லை.

இன்னொன்று. உன்னைப் பற்றித் தெருவில் நான் பெருமை அடிக்காத நாள் கிடையாது. என் தம்பி அவ்வளவு பெரிய ஆபீஸில், இத்தனை பேருக்கு மேலே என்று. அட்டை பொறுக்கி விற்றுப் படிக்க வைத்தாள் என்று மற்றவர்கள் சொல்லும்போது, மறுக்காமல் நின்று கேட்டு ரசித்திருக்கிறேன். அதுவும் உன் தலை மேல் நான் அடுக்கியதுதான். எடுத்துவிடுகிறேன். இந்த வேலை போனாலும் நீ என் தம்பிதான், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். வேறு தம்பிக்கு நான் எங்கே போவது?

கடைசியாக, அந்தச் சின்ன டாக்டர் கேட்டதை நானும் கேட்க வேண்டும். நேராகவே எழுதுகிறேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? இல்லை என்றால் இல்லை என்று சொல். ஆமாம் என்றால் வியாழக்கிழமைக்குக் காத்திருக்காதே. எதுவானாலும் நான் பயப்பட மாட்டேன், திட்ட மாட்டேன், யாரிடமும் போய்ச் சொல்லவும் மாட்டேன். இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி, லாரி நின்றாலும் சரி.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி.

அன்புடன்,
உன் அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ கூப்பிட்டுப் பேசியதற்கு இது மறு கடிதம். தபாலில் போட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லை, எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பில் போடுகிற பெண்ணிடம் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவள் எதற்குப் படிக்க வேண்டும் என்று நானே போட்டோ எடுக்கிறேன். ஓரத்தில் என் கட்டை விரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நீ என் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னாய். சில நாள் தோன்றுகிறது, ஆனால் எதுவும் செய்துகொள்ள மாட்டேன் என்றாய். அதற்கப்புறம் லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்தாய். கட்டாகவில்லை, உன் அத்தான் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். சொன்னதற்கு உனக்குக் கோடி புண்ணியம். உன் மனைவியிடமும் நீயே சொல்லிவிட்டதாக ராத்திரி அவள் சொன்னாள். இரண்டு பேரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தீர்களாம். நல்லது.

வாய்ப்பேச்சில் முடிந்ததை எங்கள் தொழிலில் மறுநாள் எழுதி அனுப்பிவிடுவோம். நான் அப்படிச் சொல்லவில்லை, நீ இப்படித்தான் சொன்னாய் என்ற பேச்சு பிறகு வரக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

நீ அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன் என்றாய். நான் இப்போதே கிளம்பு என்றேன். நாளைக் காலை ஒன்பது மணி என்று முடிந்தது. அது இன்றைக்குக் காலைதான், இதை நீ படிக்கும்போது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாகப் போகிறேன் என்றாய். உன் மனைவி கூட வருவாள், வேண்டுமானால் வெளியில் உட்காருவாள் என்று முடிந்தது. அதுவரை அவள் உன்னைத் தனியாக விடுவதில்லை, நீ அதற்கு முகம் சுளிப்பதில்லை. டாக்டர் லீவு எழுதினால் முழு லீவும் எடுக்க வேண்டும், இரண்டாம் நாளே ஆபீஸுக்கு ஓடக் கூடாது. வீட்டில் இருக்கக் கஷ்டமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உள்ளே என்ன பேசினாய் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் நீ போனை வைத்துவிடலாம், எனக்குக் கோபம் வராது. இங்கே தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உன் பெருமையையும் கொஞ்ச நாளைக்குப் பேச மாட்டேன், அது எனக்குக் கஷ்டம்தான், ஒப்புக்கொண்டேன்.

போன் விஷயத்தில்தான் ரொம்ப நேரம் இழுத்தாய். வாரம் ஒரு தடவை என்றாய், நான் தினமும் என்றேன். தினமும் காலை எட்டு மணி என்று முடிந்தது. நான் பத்து நிமிஷமாவது பேச வேண்டும் என்றேன், நீ ஒரு வார்த்தைக்கு மேல் இப்போது என்னால் முடியாதுக்கா என்றாய். ஒரு வார்த்தை என்று முடிந்தது. 'இருக்கேன்' என்று சொன்னால் போதும், வைத்துவிடுவேன். ஆனால் உன் குரலில் சொல்ல வேண்டும். மெசேஜ் செல்லாது.

இப்படிக்கு,
உன் அக்கா